ஏலகிரி ஏத்தமும் உள்சக்கரமும்: ஆக்டேவியா ஆர்.எஸ்.ல எல்.எஸ்.டி. போட்டப்புறம் ஓட்டின அனுபவம்

பாலாற்றங்கரை எழுதியது:

ரெண்டு வருஷமா "எல்.எஸ்.டி. போடலாமா, வேண்டாமா"ன்னு இங்க பத்து பேரோட உயிரை எடுத்துட்டிருந்தேன். போட்டாச்சு. (எல்.எஸ்.டி.ன்னா லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். எஞ்சின் பவரை ரெண்டு பக்கத்துச் சக்கரத்துக்கும் பிரிச்சுக் குடுக்கற கியர் பெட்டிதான் டிஃபரன்ஷியல். அதுல ஒரு சக்கரம் மட்டும் வீணா சுத்தாம அடக்கற வகை இது.) மூணு வாரம், ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர் ஓடினப்புறம்தான் எழுதறேன். முதல் நாளே எழுதியிருந்தா வெறும் பீத்தலாத்தான் இருந்திருக்கும்.

புதுசா வந்தவங்களுக்கு: வண்டி 2006 ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 1.8 டர்போ பெட்ரோல், சிலிண்டருக்கு அஞ்சு வால்வு, அஞ்சு கியர் மேனுவல். கம்பெனில இருந்து வரும்போது 150 குதிரை, எஞ்சின் கம்ப்யூட்டரை ரீமேப் பண்ணி இப்ப 190 சொச்சம். முன்சக்கர வண்டி. இழுக்கறதும் அதே ரெண்டு டயர், திருப்பறதும் அதே ரெண்டு டயர்.

எங்க வலிச்சுதுன்னா, ஏலகிரில. பொன்னேரில இருந்து மேல ஏறினா 14 கொண்டை ஊசி. ஒவ்வொண்ணுக்கும் புலவர், வள்ளல்னு பேரு வெச்சு போர்டு நட்டிருக்காங்க. இத்தனை வருஷத்துல அந்தப் பேரெல்லாம் எனக்கு வரிசையா வரல, எந்த வளைவுல எந்தச் சக்கரம் சுத்தும்ங்கறது மட்டும் மனப்பாடம். இடது கொண்டை ஊசின்னு வெச்சுக்கோங்க. ரெண்டாவது கியர். பாதி திரும்பினதும் மிதிச்சா உள்பக்கத்து இடது டயர் ர்ர்ர்ர்னு சுத்தும், ஆர்.பி.எம். முள் துள்ளும், வண்டி மட்டும் அங்கயே நிக்கும். அந்தச் சக்கரத்தை பிரேக் பிடிச்சு அடக்க கம்பெனி ஒரு எலக்ட்ரானிக் லாக் குடுத்திருக்கு. அது நாப்பது கிலோமீட்டர் வேகம் வரைக்கும்தான் வேலை செய்யும். மேல புங்கனூர் ஏரிகிட்ட நிறுத்திட்டு இறங்கினா முன்பக்கம் பிரேக் பேட் தீயற வாசனை வரும். பொண்டாட்டி ஒவ்வொரு தடவையும் "ஏதோ கருகுதுங்க"ன்னு சொல்லுவா, நான் கீழ யாரோ குப்பை எரிக்கறான்னு சொல்லிடுவேன்.

வாங்கினது இங்கிலாந்து குவேஃப் கம்பெனியோட ஏ.டி.பி.ங்கற எல்.எஸ்.டி. உள்ள கிளட்ச் தட்டுன்னு தேயற சமாச்சாரம் கிடையாது. வேலை பாக்கறது சாய்வுப் பல் கியர்தான். பார்சல் மேல அனுப்பினவன் "எல்.எஸ்.டி. 1 நம்பர்"னு மூணே எழுத்துல எழுதிட்டான். ஒரு ஆபீஸ்ல இருந்து போன். "சார், இன்னா வரவழைச்சிருக்கீங்க?" அதே பேர்ல இருக்கற போதை மருந்து இல்லை, எட்டு கிலோ இரும்புக் குண்டு சார், போதையே ஏறாதுன்னு விளக்கறதுக்குள்ள நாக்கு தள்ளிடுச்சு.

இறக்கி ஏத்தினது ராணிப்பேட்டைல, நம்ம ஸ்பேனர் 13 அண்ணன் பட்டறைல. அந்தக் கதைய அவரே சொல்லட்டும்.

இப்ப ஓட்டற விஷயம். வேலூர் டவுனுக்குள்ள, கிரீன் சர்க்கிள்ல, காட்பாடி பாலத்துல ஒரு வித்தியாசமும் இல்லை. சத்தம் இல்லை, திருப்பும்போது இடிக்கல. மொதல் நாள் வீட்டுக்கு வரும்போது காசெல்லாம் பாலாத்து மணல்ல கொட்டிட்டேனோன்னு வயித்துல புளி கரைச்சுது.

ஞாயித்துக்கிழமை விடியக்காலைல ஏலகிரி போனேன். முதல் ரெண்டு வளைவு சும்மா. மூணாவது இடது. அதே இடம், அதே ரெண்டாவது கியர். மிதிச்சேன், முள் துள்ளல. அதுக்குப் பதிலா ஸ்டியரிங் கனமாச்சு, மூக்கு உள்ள போச்சு. யாரோ பம்பர்ல கயிறு கட்டி வளைவோட உள்பக்கமா இழுக்கற மாதிரி. எனக்குப் பழக்கம் இல்லாததால அதிகமா திருப்பி வெச்சிருந்தேன், உள்பக்கத்து சிமெண்ட் கட்டைக்கு ஒரு முழம்தான் இருந்திருக்கும். திருப்பினதை அவுக்கணும்னு கைக்குப் புரிய அஞ்சாறு வளைவு ஆச்சு.

மொத்தத்துல வண்டி வேகமாகல. மிதிக்கற இடம் முன்னாடி நகர்ந்திருக்கு. முன்ன ஸ்டியரிங் நேரா வர்ற வரைக்கும் காத்திருந்தேன். இப்ப வளைவோட நடுவுலயே லேசா மிதிக்க ஆரம்பிக்கலாம். ஏரிகிட்ட நிறுத்தினப்ப வாசனையும் இல்லை. பொண்டாட்டி "இன்னிக்கு யாரும் குப்பை எரிக்கல போல"ன்னா. இத்தனை வருஷமா அவளுக்குத் தெரிஞ்சுதான் இருந்திருக்கு.

குறையும் சொல்லிடறேன். பள்ளிகொண்டா டோல் தாண்டி லாரிங்க அமுக்கின இடது லேன்ல, மூணாவது கியர்ல முழுசா மிதிச்சா ஸ்டியரிங் கைல சும்மா இருக்காது. லாரி டயர் தடத்தோட பள்ளத்தை மோந்து பாத்துக்கிட்டே போகும். ஒத்தைக் கைல ஓட்டற சுகம் போச்சு.

---

காட்பாடி ஜங்ஷன் எழுதியது:

வாழ்த்துகள் தல! ஒரு அடிப்படைச் சந்தேகம். கம்பெனி குடுத்த எலக்ட்ரானிக் லாக்கும் அதே வேலையைத்தானே செய்யுது? சுத்தற சக்கரத்தைப் பிடிச்சா பவர் அடுத்த சக்கரத்துக்குப் போவுது. அப்புறம் எதுக்கு கியர் பாக்ஸை இறக்கணும்? இப்ப வர்ற சில வண்டில எக்ஸ்.டி.எஸ்.னு இன்னும் கெட்டிக்காரமா வருதே.

---

பாலாற்றங்கரை எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. கணக்கு போட்டே சொல்றேன், நம்பர் சும்மா உதாரணத்துக்கு.

சாதா டிஃபரன்ஷியல் ரெண்டு சக்கரத்துக்கும் எப்பவும் சரிசமமா முறுக்கு (சக்கரத்தைச் சுத்த வைக்கற டார்க்) குடுக்கும். வளைவுல உள்சக்கரம் வெயிட் இல்லாம 400 நியூட்டன் மீட்டர்தான் தாங்கும், வெளிசக்கரம் 1200 தாங்கும்னு வெச்சுக்கோ. உள்ள 400-க்கு மேல போனா சுத்திடும். அதனால வெளியவும் அதே 400. மொத்தம் 800. வெளிசக்கரத்துல மிச்சம் இருக்கற 800 வேஸ்ட்டு.

ஏ.டி.பி.ல உள்ள இருக்கற சாய்வுப் பல்லு முறுக்கு வரும்போது கூட்டோட சுவத்துல அழுந்தும். அந்த உராய்வாலதான் ரெண்டு பக்கமும் சமமா இருக்கத் தேவையில்லாம போகுது. ரெண்டரை மடங்குன்னு வெச்சுக்கிட்டா, உள்ள 400 இருக்கும்போதே வெளிய 1000 வரைக்கும் போகும். மொத்தம் 1400. எஞ்சின் அதே, டயர் அதே.

எலக்ட்ரானிக்கும் வெளிசக்கரத்துக்கு அனுப்பும், இல்லேன்னு சொல்லல. ஆனா உள்சக்கரம் முதல்ல சுத்தணும், சென்சார் பாக்கணும், அப்புறம் பிரேக் பிடிக்கணும். எஞ்சின் குடுத்த பவர்ல ஒரு பங்கை டிஸ்க்ல சூடாக்கிக் காத்துல விடறோம். எக்ஸ்.டி.எஸ். அதையே கொஞ்சம் முன்கூட்டியே, அதிக வேகத்துலயும் செய்யும். அப்பவும் வேலை பாக்கறது பிரேக் பேட்தான். ஒரு வளைவுக்குப் பரவாயில்லை, பதினாலுக்கு?

---

அணைக்கட்டு டிராக்டர் எழுதியது:

தம்பிங்களா, நீங்க லட்சம் குடுத்து வாங்கினதை எங்க நைனா அம்பது வருஷத்துக்கு முன்னயே வலது குதிகால்ல வெச்சிருந்தாரு. டிராக்டர்ல டிஃப் லாக் பெடல். நெல்லு நாத்துக்கு சேறடிக்கும்போது ஒரு சக்கரம் புதைஞ்சு சுத்தும், வரப்பு ஓரத்துல இருக்கற இன்னொண்ணு சிவனேன்னு நிக்கும். குதிகாலால மிதிச்சா ரெண்டும் ஒண்ணாயி வண்டி முண்டி வெளிய வந்துடும். ஆனா லாக் போட்டபடி திருப்பினா திரும்பாது, மூக்கு நேராவே போவும். திருப்பறதுக்கு முன்னாடி காலை எடுக்கலேன்னா உள்ள ஏதாவது ஒடியும். ஒரு தரம் நான் கரும்புத் தோட்டத்து வாய்க்கால்லயே எறக்கி இருக்கேன், பதினாறு வயசுல. அதுக்கு நைனா குடுத்தது வேற.

உங்க பெட்டி வளைவுல திரும்புதுன்னா அது பாதி லாக்குதானே?

---

பாலாற்றங்கரை எழுதியது:

ஐயா, இதைவிட நல்லா யாரும் சொல்ல முடியாது. பாதி லாக்குதான், அதுவும் நீங்க மிதிக்கற அளவுக்கு மட்டும் லாக். ஆக்சிலேட்டர் விட்டா கிட்டத்தட்ட சாதா டிஃபரன்ஷியல் மாதிரி ஆயிடும், அதான் கிரீன் சர்க்கிள்ல ஒண்ணும் தெரியல.

ஒரு விஷயத்துல உங்க பெடல்தான் ஜெயிக்கும். சக்கரம் முழுசா அந்தரத்துல தூக்கிட்டா எங்களது வேலைக்கு ஆகாது. பூஜ்யத்தை ரெண்டரையால பெருக்கினாலும் பூஜ்யம்தானே. அப்ப இடது காலால பிரேக்கை லேசா தொட்டா தூக்கின சக்கரத்துக்கு ஒரு தடை வரும், அதை வெச்சு அடுத்த சக்கரம் இழுக்கும். வேவ்ட்ராக்னு இன்னொரு கம்பெனி எல்.எஸ்.டி. மாதிரி சில வகைல அதுக்குன்னே உள்ள அலை மாதிரி ஒரு தட்டு வெச்சிருக்கான்.

---

கோட்டை அகழி எழுதியது:

எல்லாரும் கை தட்டறீங்க, நான் ஒருத்தன் கெட்ட பேரு வாங்கிக்கறேன். ஏலகிரி ரோடு ரேஸ் ட்ராக் இல்லை. கவர்மெண்ட் பஸ் இறங்குது, பள்ளிக்கூடப் பசங்க பைக்ல மூணு பேரா வர்றாங்க, குரங்கு ரோட்டுலயே உக்காந்திருக்கு. "வளைவோட நடுவுலயே மிதிக்கலாம்"னு எழுதினா, இதைப் படிக்கற இருபது வயசுப் பையன் நாளைக்கு சாதா வண்டிய வெச்சுக்கிட்டே மிதிப்பான். சென்னை போற வழில இருங்காட்டுக்கோட்டை ட்ராக் இருக்கே, அங்க போய் காட்டுங்க உங்க வித்தையை.

இன்னொண்ணு. வண்டியை மாத்தறதுக்குச் சட்டம் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. 2019-ல சுப்ரீம் கோர்ட்டும் அழுத்திச் சொல்லிடுச்சு.

---

பாலாற்றங்கரை எழுதியது:

அண்ணே, ஒத்துக்கறேன். ரெண்டாவது கியர்ல முப்பது, முப்பத்தஞ்சுலதான் ஏறினேன், என் லேனை விட்டுத் தாண்டல. ஆனா அதை எழுதாம விட்டது என் தப்பு. ஏறற வண்டிக்கு இறங்கற வண்டி வழி விடணும்ங்கறதை மலைல பாதிப் பேருக்குத் தெரியாது, அதனால ஒவ்வொரு வளைவுலயும் ஹார்ன் அடிச்சுட்டுத்தான் போறேன்.

பிரிவு 52 ஆர்.சி.ல இருக்கற விவரம் கம்பெனி குடுத்ததுக்கு மாறக் கூடாதுங்குது. டிஃபரன்ஷியல் ஆர்.சி.ல கிடையாதுங்கறது என் வாதம். நான் வக்கீல் இல்லை. இன்சூரன்ஸுக்கு மட்டும் எழுதிக் குடுத்து பாலிசில ஏத்திக்கிட்டேன், நாளைக்கு கிளெய்ம்னு போய் நிக்கும்போது வாயைப் பொத்திக்கிட்டு வர முடியாது பாருங்க.

---

சத்துவாச்சாரி 245 எழுதியது:

என்கிட்ட இருக்கறது 2020-ல இருநூறே வண்டி வந்த ஆர்.எஸ். 245. இதுல எல்.எஸ்.டி. கம்பெனிலயே வருது, ஆனா வேற ஜாதி. டிஃபரன்ஷியலுக்கும் ஒரு பக்கத்து ஆக்சிலுக்கும் நடுவுல தட்டு கிளட்ச், அதை கம்ப்யூட்டர் ஆயில் பிரஷர்ல அமுக்கும். தம்பி சொன்ன அந்த "கயிறு கட்டி இழுக்கற" உணர்வு இதுலயும் உண்டு. ஆனா ஸ்டியரிங்ல அவ்வளவு முட்டாது, பின்னாடி யாரோ நமக்குத் தெரியாம வேலை பாத்து வெச்ச மாதிரி இருக்கும்.

போன மாசம் பாலாற்றங்கரையோட பழைய வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்தேன் (தம்பி, கோச்சுக்காதே, பிரேக் பெடல் ஆடுது, பாத்துக்கோ). எனக்கு அதுதான் பிடிச்சுது. என் வண்டி வளைவை முடிச்சுட்டு ரிசல்ட் மட்டும் குடுக்கும். அதுல ஸ்டியரிங் ஒவ்வொரு அங்குலமும் பேசுது. தினம் சி.எம்.சி. வரைக்கும் டூட்டிக்குப் போய் வர என் வண்டிதான் வேணும். வீட்டுக்கு வந்து படுத்தா கை வலிக்கக் கூடாது.

---

ஆம்பூர் தம் எழுதியது:

பாய், செலவு எவ்வளவு ஆச்சு, அதைச் சொல்லுங்க மொதல்ல. மத்ததெல்லாம் அப்புறம் படிக்கறேன்.

---

பாலாற்றங்கரை எழுதியது:

பார்ட், ஷிப்பிங், கஸ்டம்ஸ், பேரிங், சீல், ஆயில், கூலி எல்லாம் சேத்து ஒண்ணே முக்கால் லட்சத்துக்கு ஒரு நூல் கம்மி பாய். வீட்டுல சொன்ன தொகை வேற, இங்க எழுத மாட்டேன். படிக்கறாங்க.

---

ஸ்பேனர் 13 எழுதியது:

என்னை இழுத்துட்டதால சொல்றேன். டைப் பண்றது எனக்கு வராது, பையன் அடிக்கறான்.

இந்த கியர் பாக்ஸ்ல (02ஜே) டிஃபரன்ஷியல் பெட்டியோட கிரவுன் வீலை (பெட்டியைச் சுத்தி இருக்கற பெரிய பல் சக்கரம்) கம்பெனிக்காரன் ரிவெட் அடிச்சு சேத்திருப்பான். போல்ட் கிடையாது. பவர் ஏத்தின வண்டில, ஒத்தைச் சக்கரம் சுத்திச் சுத்தி சட்டுன்னு பிடிக்கற வண்டில, அந்த ரிவெட்டு தலை ஒடியும். ஒடிஞ்சது சும்மா இருக்காது, உள்ள சுத்தி கேஸ்ல ஓட்டை போட்டு ஆயிலை ரோட்டுல ஊத்திடும். இவர் வண்டில பிரிச்சு பாக்கறேன், ரெண்டு ரிவெட்டு தலையை விரலால ஆட்டினா ஆடுது. எல்.எஸ்.டி. போடாம இருந்தா அடுத்த வருஷம் கியர் பாக்ஸே வாங்கியிருப்பாரு. அதனால அந்த ஒண்ணே முக்கால்ல பாதி ரிப்பேர் கணக்குல எழுதிக்கச் சொன்னேன்.

ரிவெட்டை ட்ரில் போட்டு எடுத்தோம். அவசரப்பட்டா கிரவுன் வீல் ஓட்டை கெட்டுடும், அரை நாள் ஆச்சு. அப்புறம் கிரவுன் வீலை புதுப் பெட்டில உக்கார வைக்கணும். சும்மா அடிச்சு ஏத்தக் கூடாது, நூறு டிகிரி கிட்ட காய வெச்சா தானா விரிஞ்சு இறங்கும். கேஸ் டார்ச்சு வெச்சா ஒரு பக்கம் சிவந்து பல்லோட பதம் போயிடும். எதிர்ல பேக்கரி. சாயங்கால ரஸ்க்கு போட்டு எடுத்தப்புறம் அடுப்பு அந்தச் சூட்டுல இருக்கும். சுத்தமா டீசல்ல கழுவி, துடைச்சு, தட்டுல வெச்சு உள்ள தள்ளிட்டோம். பேக்கரிக்காரர் "இது எத்தனை நிமிஷம் வேகணும்"னு கேட்டாரு. எடுத்து வெச்சதும் 'டொக்'குன்னு உக்காந்துச்சு, சுத்தியலே தொடல. போல்ட்டைக் குறுக்கு மறுக்கா முறுக்கினோம்.

முக்கியமானது ஷிம்மு, அதாவது இடைவெளியைச் சரி பண்ற மெல்லிசு வளையம். பெட்டி மாறினா ரெண்டு பக்க டேப்பர் பேரிங்கோட இறுக்கம் மாறும். பழைய ஷிம்மையே திரும்பப் போட்டா மூணு மாசத்துல ஊளையிடும். சிப்காட் பக்கம் ஒரு லேத்துல அளந்து வாங்கினேன். இதைச் செய்யாம "ஒரே நாள்ல மாட்டித் தரேன்"னு எவனாவது சொன்னா வண்டிய எடுத்துக்கிட்டு ஓடிடுங்க.

---

ரியர்வீல் வாலாஜா எழுதியது:

செங்கல்பட்டு பக்கம் கோத்த பி.எம்.டபிள்யூ. 3 சீரிஸ் வெச்சிருக்கேன். பின்சக்கர வண்டி, சாதா டிஃபரன்ஷியல். எனக்கும் உள்சக்கரம் சுத்தற நோவு உண்டு, பின்னாடி. போடலாமா?

---

பாலாற்றங்கரை எழுதியது:

போடலாம், ஆனா பாடம் வேற. எனக்கு மீறினா மூக்கு வெளிய போகும், காலை எடுத்தா சரியாயிடும். உங்களுக்கு ரெண்டு பின்சக்கரமும் சேந்து விட்டா வால் சுத்தும். சாதால ஒண்ணு சுத்தும்போது இன்னொண்ணு வாலைப் பிடிச்சுக்கிட்டு இருக்கு, அந்தக் காவல் போயிடும். மழைல முதல் வாரம் எலக்ட்ரானிக்ஸை அணைக்காதீங்க.

---

பாலாற்றங்கரை எழுதியது (நாலு மாசம் கழிச்சு):

இழையை மேல தூக்கறேன், மழைக்காலம் ஒண்ணு பாத்தாச்சு.

முதல்ல ஒரு புலம்பல். போட்ட ரெண்டாவது மாசம் வெளியூர்ல இருந்தப்ப ஆக்சில் சீல் கசிஞ்சுது. ஒரு பட்டறைல மாத்திக் குடுத்தாங்க, ஆயிலும் அவங்களே ஊத்தினாங்க. மறுநாள் காலைல குளிர்ந்த வண்டில ரெண்டாவது கியர் 'கர்ர்'. வேலூர் வர்றதுக்குள்ள மூணாவதும். ஸ்பேனர் அண்ணன் இறக்கி மோந்து பாத்துட்டு "லாரி ஹவுசிங்குக்கு ஊத்தறதை ஊத்தியிருக்கான்"னாரு. ஜி.எல். 5 கிரேடு ஆயில். அதுல இருக்கற மருந்து சின்க்ரோவோட (கியர் மாத்தும்போது வேகத்தைச் சமமாக்கற வளையம்) பித்தளைக்கு ஆகாது, வழவழப்பும் ஜாஸ்தி, சின்க்ரோ கவ்வாது. திரும்ப ஜி.எல். 4, 75 டபிள்யூ 90, ரெண்டு லிட்டர். ரெண்டு நாள்ல கியர் சரியாச்சு. ஏ.டி.பி.க்குன்னு தனி ஆயில் வேண்டாம், கியர் பாக்ஸுக்கு எது சரியோ அதுதான். தட்டு வகை போட்டவங்களுக்குத்தான் தனிச் சேர்மானம், அடிக்கடி மாத்தற வேலை எல்லாம்.

மழை. இது நான் எதிர்பாக்கல. சாதால ஈர ரோட்டுல மிதிச்சா ஒரு சக்கரம் சுத்தும், இன்னொண்ணு திசையைப் பிடிச்சுக்கும். இப்ப அளவு மீறினா ரெண்டும் ஒண்ணா விடுது. வாணியம்பாடி சர்வீஸ் ரோட்டுல தூறல் நேரம், மண்ணும் எண்ணெயும் சேந்த வழவழப்பு, இடது திரும்பி மிதிச்சேன். வண்டி திரும்பாம அப்படியே நேரா ஒரு அஞ்சடி. எதிர்ல ஆட்டோக்காரர் என்னைப் பாத்த பார்வை இருக்கே. விடற எல்லை தள்ளிப் போயிருக்கு, ஆனா விடும்போது சொல்லாம விடுது. அகழி அண்ணன் திட்டினது அன்னிக்கு ராத்திரி ஞாபகம் வந்துச்சு.

இருங்காட்டுக்கோட்டையும் போனேன், அவர் சொன்னதுக்காகவே. பழைய டயர்லயே பழைய நேரத்தைவிட ஒரு செகண்டுக்குப் பக்கம் கம்மி. அன்னிக்கு மத்தியானம் நண்பரோட நல்ல டயர் செட்டை மாட்டினதும் இன்னும் ரெண்டு செகண்டு போச்சு. காசு கம்மியா இருக்கறவங்க எதை முதல்ல வாங்கணும்னு இதுலயே தெரியும், இன்னும் நான் சொல்லணுமா? டிஃபரன்ஷியல் இல்லாத பிடிமானத்தை உண்டாக்கல, வெளிசக்கரத்துல தூங்கிட்டிருந்ததை எழுப்பி வேலைக்கு அனுப்புது. டயரே மொட்டைன்னா எழுப்ப ஆள் இல்லை.

கூடவே, முன்ன தெரியாத நோவெல்லாம் இப்ப தெரியுது. முன்சக்கரத்தைப் பிடிக்கற கீழ்க் கையோட (லோயர் ஆர்ம்) ரப்பர் புஷ் ரெண்டும் மாத்தினேன். மாத்தினதும் நெடுஞ்சாலைல ஸ்டியரிங் அலையறது பாதியா குறைஞ்சுது. சத்துவாச்சாரி அக்கா சொன்ன பிரேக் பெடலும் பாத்தாச்சு.

---

கோட்டை அகழி எழுதியது:

தம்பி, ட்ராக் போனதுக்கு நன்றி. அந்த வாணியம்பாடி கதைய முதல் பதிவுலயும் ஒட்டி வை, எல்லாரும் கடைசி பக்கம் வரைக்கும் படிக்க மாட்டாங்க.

---

அணைக்கட்டு டிராக்டர் எழுதியது:

ஆயில் மாத்தும்போது இரும்புத் தூள் பாத்தீங்களா? எங்க வண்டில அதுதான் ஜாதகம்.

---

பாலாற்றங்கரை எழுதியது:

பாத்தோம் ஐயா. அண்ணன் வடிச்ச ஆயில்ல காந்தத்தைக் கட்டி விட்டு எடுத்தாரு. மை மாதிரி மெலிசா ஒரு பூச்சு, ரெண்டு விரலால தேச்சா நெருடல. துண்டு, சிலாம்பு ஒண்ணும் இல்லை. "புதுப் பல்லு ஒண்ணோட ஒண்ணு பழகியிருக்கு, அவ்வளவுதான்"னாரு. அடுத்தது இருபதாயிரத்துல பாக்கலாம்னு டப்பா மேல தேதி எழுதி ஒட்டியிருக்காரு.

அகழி அண்ணே, முதல் பதிவுல சேத்துட்டேன்.